ஹெல்ப்டெஸ்க், நாக் டீம் என்று இரண்டரை வருடம்: நெட்வொர்க் இன்ஜினியர் வேலைக்கு எப்படிப் போவது?

எல்1_விழிப்பு கேட்டது:

வணக்கம். ஹெல்ப்டெஸ்க்கில் ஒரு வருடம், பிறகு நாக் டீமில் (24 மணி நேரக் கண்காணிப்பு, சுழற்சி ஷிஃப்ட்) எல்1 (முதல் கட்ட சப்போர்ட்) ஆக ஒன்றரை வருடம். அலாரம் வந்தால் டிக்கெட் போடுவது, லிங்க் விழுந்தால் சர்வீஸ் புரொவைடருக்கு ஃபோன் செய்வது, 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் எல்2-வுக்கு, அதாவது அடுத்த கட்ட ஆட்களுக்கு, தள்ளிவிடுவது. இவ்வளவுதான் வேலை. ஸ்விட்ச், ரவுட்டர்களுக்கு ரீட்-ஒன்லி லாகின் உண்டு. கான்ஃபிக் (அமைப்புகளை மாற்றும்) மோடுக்குள் நுழைய அனுமதி கிடையாது.

சிசிஎன்ஏ (சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ்) பாதி படித்திருக்கிறேன். சப்நெட்டிங் (ஐபி முகவரிகளைச் சிறு நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும்) கணக்கு இன்னும் தடுமாறுகிறது. கேட்க நினைப்பது: சான்றிதழை முடித்துவிட்டு விண்ணப்பிப்பதா, இப்போதே தொடங்கிவிடலாமா? லேபுக்கு நிஜ ஸ்விட்ச் வாங்க வேண்டுமா, சிமுலேட்டர் போதுமா? நேர்காணலில் எந்த ஆழத்துக்குக் கேட்பார்கள்? எல்லாவற்றையும்விட, ஒரு வரி கான்ஃபிக்கூட அடிக்காதவன் ரெஸ்யூமேயில் எதைத்தான் எழுதுவது?

---

திசைவி:

கடைசிக் கேள்வியிலிருந்தே வருகிறேன்.

ரீட்-ஒன்லி லாகினைக் குறையாக நினைக்கிறீர்கள். எல்2 ஆளின் நேரத்தில் பெரும்பகுதி எது உடைந்திருக்கிறது என்று தேடுவதில் போகிறது. தேடிக் கண்டுபிடித்தபின் அடிக்கிற கான்ஃபிக் பெரும்பாலும் இரண்டு மூன்று வரிதான். தேடுவதற்கு வேண்டிய, சாதனத்தின் நிலையைக் காட்டும் 'ஷோ' கட்டளைகளில் முக்கால்வாசி உங்கள் லாகினிலேயே ஓடும். ஆகவே நாளைக்கே மாற்றக்கூடியது ஒன்று இருக்கிறது: எல்2-வுக்கு நீங்கள் தள்ளும் டிக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது.

வழக்கமாக வரும் டிக்கெட் இப்படி இருக்கும்: "மூன்றாம் மாடியில் நெட் ஸ்லோ. பிங் போகிறது. பார்க்கவும்." மொட்டைத் தாத்தா குட்டையில் விழுந்தார் என்கிற மாதிரி. எந்த மொட்டை, எந்தக் குட்டை?

அதே புகாரை இப்படி எழுதிப் பாருங்கள் (மேக் என்பது நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரி; விலான், ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்; ஹாஃப் டூப்ளெக்ஸில் ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும், ஃபுல்லில் இரு திசையும்; லேட் கொலிஷன், தாமதமாக நிகழும் மோதல்):

"பயனர் கணினி 10.20.37.150/27, கேட்வே 10.20.37.129. மேக் முகவரி மூன்றாவது மாடி ஸ்விட்சில் ஜிஐ1/0/14 போர்ட்டில் தெரிகிறது, விலான் 37. அந்தப் போர்ட் 100 எம்பிபிஎஸ், ஹாஃப் டூப்ளெக்ஸ். பக்கத்துப் போர்ட்டுகள் எல்லாம் 1 ஜிபிபிஎஸ், ஃபுல். லேட் கொலிஷன் 10:05-க்கு 4112, 10:10-க்கு 4390. கணினியின் நெட்வொர்க் கார்டில் யாரோ 100/ஃபுல் என்று கையால் நிறுத்தியிருக்கலாம். ஸ்விட்ச் ஆட்டோவில் இருப்பதால் ஹாஃபுக்கு இறங்கியிருக்கிறது. கார்டை ஆட்டோவுக்கு மாற்றிப் பார்க்க பயனரின் அனுமதி கேட்டிருக்கிறேன்."

இந்த டிக்கெட்டில் எல்2-வுக்கு வேலையே மிச்சமில்லை. இதில் உள்ள ஒவ்வொரு வரியும் ரீட்-ஒன்லி லாகினில் கிடைப்பது. வழி சுலபம். கேட்வே சாதனத்தில் 'ஷோ ஐபி ஏஆர்பி' அடித்து ஐபி-க்கு உரிய மேக்கை எடுங்கள். அந்த மேக்கை 'ஷோ மேக் அட்ரஸ்-டேபிள்' மூலம் தேடுங்கள். வரும் போர்ட் அப்லிங்க்காக இருந்தால் 'ஷோ சிடிபி நெய்பர்ஸ்' அடுத்த ஸ்விட்சைக் காட்டும். அங்கே போய் மறுபடி மேக்கைத் தேடுங்கள். கடைசியில் பயனர் செருகியிருக்கும் போர்ட்டில் வந்து நிற்பீர்கள். அங்கே 'ஷோ இன்டர்ஃபேஸஸ்'.

அந்த வெளியீட்டை வாசிக்கத் தெரிவதில்தான் வித்தியாசம் இருக்கிறது. சிஆர்சி (கெட்டுப்போய் வந்த ஃபிரேம், அதாவது டேட்டாத் துண்டுகளின்) எண் ஏறினால் கேபிள், கனெக்டர், எஸ்எஃப்பி (போர்ட்டில் செருகும் டிரான்ஸீவர்), அல்லது டூப்ளெக்ஸ் பொருத்தமின்மையின் ஃபுல் பக்கம். லேட் கொலிஷன் ஏறினால் அதே பொருத்தமின்மையின் ஹாஃப் பக்கம். அவுட்புட் டிராப் ஏறினால் கேபிளை மாற்றிப் பயனில்லை. போர்ட்டின் கொள்ளளவுக்கு மேல் டிராஃபிக் வருகிறது என்று பொருள். இந்த மூன்றையும் 'எரர் வருகிறது' என்று ஒரே பெயரில் எழுதினால் எதிரே இருப்பவருக்கு உங்களைப் பற்றி வேறு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை: வெளியீட்டில் 'லாஸ்ட் கிளியரிங்' என்ற இடத்தில் 'நெவர்' என்று இருந்தால், அந்த எண்கள் சாதனம் கடைசியாக பூட் ஆனதிலிருந்து சேர்ந்தவை. 50 ஆயிரம் சிஆர்சி என்று பதறிவிடக் கூடாது. அவை போன வருடம் ஒரே நாளில் வந்தவையாகவும் இருக்கலாம். ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து வித்தியாசத்தை எழுதுங்கள். கட்-த்ரூ முறையில் (முழுதும் வந்து சேரும் முன்பே) ஃபிரேமை அனுப்பும் டேட்டா சென்டர் ஸ்விட்சுகளில் இன்னொரு வம்பு உண்டு. கெட்டுப்போன ஃபிரேமை அவை நிறுத்தாமல் அடுத்த சாதனத்துக்கும் கடத்திவிடும், அதனால் சிஆர்சி காட்டும் போர்ட்டில் கோளாறே இல்லாமல் இருக்கலாம். மூலத்தைத் தேடி ஒவ்வொரு தாவலாக (ஒரு சாதனத்திலிருந்து அடுத்ததற்கு) பின்னால் போக வேண்டும்.

எல்1 டிக்கெட்டுகளில் அதிகம் தவறாக வாசிக்கப்படுவது டிரேஸ்ரூட் (வழியில் உள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் சோதனை; எம்டிஆர் போன்ற கருவிகள் இழப்புச் சதவீதமும் சொல்லும்). நடுவில் நான்காவது தாவலில் 60 சதவீதம் இழப்பு என்று காட்டும், உடனே "புரொவைடர் பக்கம் பிரச்சினை" என்று எழுதிவிடுவார்கள். அதற்குப் பின்னால் உள்ள தாவல்களிலும் கடைசி இலக்கிலும் இழப்பு பூஜ்யம் என்றால் அங்கே ஒன்றும் கெடவில்லை. அந்த ரவுட்டர் தனக்கு வரும் ஐசிஎம்பி-க்கு (பிங் போன்ற செய்திகளுக்கு) பதில் சொல்வதை மட்டும் மட்டுப்படுத்துகிறது, தன் வழியே போகும் பாக்கெட்டுகளைத் தடுக்கவில்லை. இழப்பு ஒரு தாவலில் தொடங்கி இறுதிவரை நீடித்தால் மட்டுமே அதைப் பேச வேண்டும்.

---

வயர்மேன்:

திசைவி சொன்னது சரி. நான் லேப் பக்கம் மட்டும் சொல்றேன் தம்பி.

முதல்ல பாக்கெட் டிரேசர்ங்கற சிமுலேட்டர். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில கணக்குத் திறந்தா இலவசம். விலான், டிரங்க் (பல விலான் ஒண்ணா போற லிங்க்), ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் வழியைப் பகிர்ந்துக்கற முறை), ஏசிஎல் (அனுமதி, தடைப் பட்டியல்) எல்லாம் பழகலாம். ஆனா அது நிஜ ஐஓஎஸ் (சிஸ்கோ சாதனத்தோட ஓஎஸ்) இல்ல, அது மாதிரி நடிக்கிற மென்பொருள். பல கட்டளை இருக்காது. அது பத்தலன்னு தோணுறப்ப நிஜ இமேஜை ஓட்டற ஜிஎன்எஸ்3 அல்லது ஈவ்-என்ஜி. சிஸ்கோவோட சிஎம்எல் இலவசப் பதிப்புல ஒரே நேரத்துல 5 சாதனம் ஓட்டலாம், நான் கீழ சொல்ற எல்லாத்துக்கும் தாராளம். சிஸ்கோ இமேஜ் கிடைக்கலன்னா லினக்ஸ்ல எஃப்ஆர்ஆர்ங்கற ரூட்டிங் மென்பொருள். கட்டளை கிட்டத்தட்ட அதே சாயல்.

நிஜ ஸ்விட்ச்? வாங்கியே ஆகணும்னு இல்ல. ஆனா பழைய மேனேஜ்டு ஸ்விட்ச் ஒண்ணும் கன்சோல் கேபிளும் கையில இருந்தா பாஸ்வேர்ட் ரெக்கவரி, ஐஓஎஸ் அப்கிரேடு, 9600 பாட், 8-என்-1 வச்சு கன்சோல்ல நுழையறது எல்லாம் கைக்கு வந்துடும். ஒண்ணு போதும். ரேக் கட்டி ஃபோட்டோ போடுறது வேற பொழுதுபோக்கு.

லேப்ல எல்லாரும் பண்ற தப்பு: வீடியோவைப் பார்த்து கட்டுறாங்க, பிங் போகுது, மூடிட்டுப் போயிடுறாங்க. அதுல பாதிதான் படிப்பு. கட்டினதை உடைக்கணும். கீழ சொல்றதை ஒவ்வொண்ணா உடைச்சு, 'ஷோ' வெளியீடு எப்படி மாறுதுன்னு எழுதி வை.

ரெண்டு ரவுட்டருக்கு நடுவுல ஓஎஸ்பிஎஃப் கட்டு. ஒரு பக்கம் மட்டும் 'ஐபி எம்டியூ 1400' (எம்டியூன்னா ஒரு பாக்கெட்டோட உச்ச அளவு) போட்டு ஓஎஸ்பிஎஃப் பிராசஸை கிளியர் பண்ணு. சாதா பிங் நல்லாப் போகும். நெய்பர் மட்டும் எக்ஸ்ஸ்டார்ட், எக்ஸ்சேஞ்சுலயே நின்னுடும், ஃபுல் ஆகாது. டேட்டாபேஸ் விவரப் பாக்கெட்ல எம்டியூ எழுதியிருக்கும், தன்னோடதைவிடப் பெருசா இருந்தா வாங்கற ரவுட்டர் அதை ஏத்துக்காது. அடுத்து ஹலோ டைமரை ('இருக்கேன்'னு நெய்பருக்குச் சொல்ற இடைவெளி) ஒரு பக்கம் மாத்து. இப்ப நெய்பரே தெரியாது. ரெண்டுக்கும் அறிகுறி வேற, அதைப் பார்த்தே காரணம் சொல்லத் தெரியணும். இன்னொண்ணு: ஒரே ஸ்விட்சுல நாலு ரவுட்டரை ஓஎஸ்பிஎஃப்ல சேர்த்தா, டிஆர், பிடிஆர் (தலைமை, துணைத் தலைமை ரவுட்டர்) இல்லாத ரெண்டும் தங்களுக்குள்ள 2-வே நிலையிலயே நிக்கும். அது கோளாறு இல்ல. அதைச் சரி பண்றேன்னு இறங்கிடாத.

ஐபி முகவரி கொடுக்கற டிஹெச்சிபி சர்வரை வேற விலான்ல வச்சு, கேட்வேல கோரிக்கையை அந்தச் சர்வருக்குக் கடத்தற 'ஐபி ஹெல்ப்பர்-அட்ரஸ்' வரியை எடு. கணினிக்கு 169.254-ல ஆரம்பிக்கிற முகவரி வரும். முகவரி கேட்கற டிஸ்கவர் பிராட்காஸ்ட் அந்த விலானைத் தாண்டாதுங்கறது வயர்ஷார்க்ல (பாக்கெட்டைப் பிடிச்சுக் காட்டற மென்பொருள்) கண்ணுக்கு முன்னால தெரியும்.

ஸ்விட்ச் போர்ட்ல போர்ட்ஃபாஸ்ட்டை (போர்ட்டை உடனே திறக்கற அமைப்பு) எடுத்துட்டு கணினியைச் செருகு. லிசனிங் 15 நொடி, லேர்னிங் 15 நொடி, மொத்தம் அரை நிமிஷம் டிராஃபிக் போகாது. "காலையில ஆன் பண்ணா நெட் வரல, திரும்பப் பிடுங்கிச் செருகினா சில நேரம் வருது"ங்கற புகார்ல பாதி இதுதான். அப்புறம் போர்ட்ஃபாஸ்ட்டும் பிபிடியூ கார்டும் (இன்னொரு ஸ்விட்ச் வந்தா தடுக்கறது) போட்ட போர்ட்ல இன்னொரு ஸ்விட்சைச் செருகு, எர்-டிசேபிள் ஆகறதை (போர்ட் தானா மூடறதை) பாரு.

கடைசியா ஜிஆர்இ டனல், பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள்ள வச்சு அனுப்பறது. 24 பைட் மேல்செலவு, அதனால 1500 இருந்த இடத்துல 1476தான். டிஎஃப் பிட் ('உடைக்காதே'ங்கற குறி) வச்சு 1472 பைட் பிங் அனுப்பு (ஐசிஎம்பி, ஐபி ஹெடர் 28 பைட் சேர்த்தா சரியா 1500), போகாது. 1448 போகும். இப்ப நடுவுல ஐசிஎம்பி மொத்தத்தையும் ஏசிஎல் போட்டு அடைச்சுட்டு, டனல் வழியா ஒரு பெரிய வலைப்பக்கத்தைத் திற. இணைப்பு கிடைக்கும், பக்கம் பாதியில தொங்கும். "பெரிசா இருக்கு, சின்னதா அனுப்பு"ன்னு ரவுட்டர் சொல்ற செய்தியைத்தான் அந்த ஏசிஎல் முழுங்கிடுச்சு. டனல்ல 'ஐபி டிசிபி அட்ஜஸ்ட்-எம்எஸ்எஸ் 1436' (எம்எஸ்எஸ்னா ஒரு டிசிபி துண்டுல போற டேட்டாவோட உச்ச அளவு) போட்டா சரியாகும். இதை ஒருதரம் கையால பண்ணவனுக்கு விபிஎன் புகார்ல பாதி பயம் போயிடும்.

இதெல்லாம் வந்தாச்சுன்னா சான்றிதழ் பின்னால மெதுவா எழுதிக்கலாம்.

---

கணக்குப்பிள்ளை:

வயர்மேன் அண்ணாவின் கடைசி வரியோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. உள்ளே ஏற்கெனவே எல்2 ஆக இருப்பவருக்கு அது பொருந்தும். எல்1-இலிருந்து வெளியே விண்ணப்பிப்பவரின் ரெஸ்யூமேயை முதலில் பார்ப்பது ஆள்தேர்வுப் பிரிவு. அவர்கள் தேடும் சொல் 'சிசிஎன்ஏ'. அது இல்லாவிட்டால் எம்எஸ்எஸ் தெரிந்தவர் என்று சொல்லும் வாய்ப்பே வராது. அதற்காகத் தேர்வு முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தேர்வுத் தேதியைப் பதிவு செய்துவிட்டு, அந்தத் தேதியை ரெஸ்யூமேயில் எழுதி விண்ணப்பிக்கலாம். பாதி படித்து நிற்பதற்கு முக்கியக் காரணமே தேதி இல்லாததுதான்.

சிசிஎன்ஏ-வுக்கான 200-301 தேர்வு 120 நிமிடம். மதிப்பெண் பங்கீடு: ஐபி இணைப்பு 25 சதவீதம், அடிப்படைகள் 20, நெட்வொர்க் அணுகல் 20, பாதுகாப்பு 15, ஐபி சேவைகள் 10, ஆட்டோமேஷன் 10. கட்டளை அடிக்கும் லேப் கேள்விகளும் வரும். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது, அதனால் சப்நெட்டிங்கில் நேரம் போனால் பின்னால் வருவதெல்லாம் அவசரமாகிவிடும். சான்றிதழ் 3 வருடம் செல்லும். பாடத்திட்டம் 2024 ஆகஸ்டில் 1.1 ஆக மாறியது. கையில் உள்ள புத்தகம் 200-301-க்கு உரியது இல்லை என்றால் அது வேறு தேர்வுக்கானது, ஓரமாக வையுங்கள்.

'டம்ப்' (கசிந்த கேள்வி-விடைத் தொகுப்பு) படித்துத் தேறுவதைப் பற்றி ஒரே வரி: நேர்காணலில் இரண்டாவது கேள்வியில் பல் இளித்துவிடும்.

சப்நெட்டிங் தடுமாறுவது பைனரியில் எழுதிப் பார்ப்பதால். 256-இலிருந்து மாஸ்க்கின் மாறும் எண்ணைக் கழியுங்கள், அதுதான் கட்டத்தின் அளவு. திசைவி கொடுத்த 10.20.37.150/27: மாஸ்க் 224, 256-இல் 224 போனால் 32. கட்டங்கள் 0, 32, 64, 96, 128, 160. 150 விழுவது 128-இல். ஆக நெட்வொர்க் .128, பிராட்காஸ்ட் அடுத்த கட்டத்துக்கு ஒன்று குறைவு .159, இடையில் 30 முகவரி. மூன்றாவது எண்ணிலும் இதே கணக்கு. 172.16.53.9/21 என்றால் மாஸ்க் 248, கட்டம் 8. 53 விழுவது 48-இல். நெட்வொர்க் 172.16.48.0, பிராட்காஸ்ட் 172.16.55.255, முகவரிகள் 2046. அங்கே சறுக்குபவர்கள் பிராட்காஸ்டை 172.16.48.255 என்று எழுதிவிடுவார்கள். /24 பழக்கம் கையை விட்டுப் போகாது. தினம் 20 கணக்கு, ஒன்றுக்கு 20 நொடிக்குள் வரும்வரை. மூன்று வாரம் போட்டால் பிறகு மறக்காது.

---

எல்1_விழிப்பு:

எல்லோருக்கும் நன்றி. திசைவி சார் சொன்ன மாதிரி டிக்கெட் எழுத ஆரம்பிக்கிறேன். இன்னொரு சந்தேகம். இரவு சேஞ்ச் விண்டோவில் (மாற்றங்கள் செய்ய ஒதுக்கும் நேரம்) கூட உட்காரலாம் என்று எல்2 அண்ணா ஒருவர் சொல்லியிருக்கிறார். சும்மா வேடிக்கை பார்க்காமல் அங்கே நான் என்ன செய்யலாம்? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

---

நள்ளிரவு_விண்டோ:

முன்சோதனை, பின்சோதனை இரண்டையும் நீங்கள் எடுத்துக்கொள்கிறேன் என்று கேளுங்கள். எல்லாமே 'ஷோ' கட்டளை, உங்கள் லாகின் போதும். மாற்றம் செய்பவருக்குச் சலிப்பூட்டும் வேலை என்பதால் தட்டாமல் கொடுத்துவிடுவார்கள்.

மாற்றத்துக்கு அரை மணி முன்பு ஒரு ஃபைலில்: இன்டர்ஃபேஸ் நிலை, ஓஎஸ்பிஎஃப் நெய்பர்கள், பிஜிபி (நிறுவனங்களுக்கிடையே வழி பகிரும் முறை) சுருக்கம், ரூட்டிங் டேபிளில் மொத்த எண்ணிக்கை, ஒவ்வொரு விலானுக்கும் எஸ்டிபி (ஸ்விட்சுகளுக்கிடையே சுழற்சியைத் தடுக்கும் முறை) ரூட் எது, மேக் முகவரிகளின் எண்ணிக்கை. முடிந்தபின் அதே கட்டளைகளை அதே வரிசையில் இன்னொரு ஃபைலில் எடுத்து, இரண்டையும் டிஃப் (வித்தியாசம் காட்டும் கருவி) போட்டுப் பாருங்கள். "எல்லாம் சரியாயிருக்கு" என்று ஒருவர் சொல்லும்போது, "முன்னால் 14 நெய்பர் இருந்தது, இப்போது 13" என்று சொல்லக்கூடிய ஆள் விண்டோவில் நீங்கள் மட்டும்தான். பிஜிபி சுருக்கத்தில் கடைசிப் பத்தியில் எண் இருந்தால் இணைப்பு எழுந்துவிட்டது. 'ஆக்டிவ்' என்ற சொல் இருந்தால் எழவில்லை. பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அடுத்த கட்டமாக, மாற்றத்துக்கான செயல்முறைக் குறிப்பை வரைவாக எழுதிக் காட்டுங்கள். அடிக்கப்போகும் கட்டளைகள் வரிவரியாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே திரும்பப் பெறும் கட்டளை, எந்த நிமிடத்தில் கைவிட்டுத் திரும்புவது என்ற முடிவு. இரண்டு மணி நேர விண்டோ, திரும்பிப் போக 30 நிமிடம் பிடிக்கும் என்றால் 90-ஆவது நிமிடத்துக்குமேல் புதிதாக எதையும் முயலக் கூடாது. இன்னும் அஞ்சு நிமிஷம் பார்த்துடலாம் என்பதில்தான் விண்டோக்கள் காலை வரை இழுக்கும்.

கவனிக்க வேண்டியவை, எல்லாமே ஊரறிந்த விபத்துகள்:

டிரங்க் போர்ட்டில் விலான் 30-ஐச் சேர்க்க 'ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு விலான் 30' என்று அடித்தால், அது சேர்க்காது. ஏற்கெனவே இருந்த பட்டியல் முழுவதையும் தூக்கிவிட்டு 30-ஐ மட்டும் வைக்கும். மேனேஜ்மென்ட் விலானும் அதே டிரங்க்கில் வந்தால் உங்கள் செஷனும் அறுந்துவிடும். 'ஆட்' என்ற சொல் நடுவில் இருக்க வேண்டும். குறிப்பை மேற்பார்க்கும்போது முதலில் தேட வேண்டிய வரி இது.

எண்ணிட்ட ஏசிஎல்-இல் ஒரே வரியை நீக்க நினைத்து, முன்னால் 'நோ' போட்டு அந்த வரியை அடித்தால் ஏசிஎல் முழுக்கப் போய்விடும். பெயரிட்ட ஏசிஎல் மோடுக்குள் போய் வரிசை எண்ணைச் சொல்லி நீக்குவதுதான் வழி.

தொலைவில் உள்ள சாதனத்தில் ஆபத்தான மாற்றம் என்றால், முன்னதாக 'ரீலோடு இன் 10'. இணைப்பு அறுந்தாலும் பத்தாவது நிமிடம் சாதனம் பழைய கான்ஃபிக்கோடு எழும். இதற்கு இரண்டு நிபந்தனை: சோதித்து முடிக்கும்வரை சேமிக்கக் கூடாது, வெற்றி என்றால் 'ரீலோடு கேன்சல்' அடிக்க மறக்கக் கூடாது. மறந்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும்போது சாதனம் தானாக பூட் ஆகும். விண்டோவில் உங்கள் கடமையாக ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் ஒன்பதாவது நிமிடத்தில் "கேன்சல் போட்டாச்சா?" என்று கேட்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனிப்பர் இதில் நாகரிகமானது: 'கமிட் கன்ஃபர்ம்டு' கொடுத்தால், பத்து நிமிடத்துக்குள் மறுபடி கமிட் செய்யாவிட்டால் பூட் ஆகாமலே பழைய நிலைக்குத் திரும்பும். சிஸ்கோவிலும் ஆர்க்கைவ் அமைத்திருந்தால் 'கான்ஃபிகர் டெர்மினல் ரிவர்ட் டைமர் 10' உண்டு. இருக்கிறதென்றே பலர் கவனிப்பதில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் ரவுட்டரில் 'டீபக் ஆல்' (எல்லா நிகழ்வையும் அச்சிட்டு ரவுட்டரையே முடக்கக்கூடியது) அடிக்கிறவர் பக்கத்தில் உட்காராதீர்கள்.

---

மேசைக்கு_அந்தப்பக்கம்:

ரெஸ்யூமேயும் நேர்காணலும் விட்டுப்போயிற்று.

"நெட்வொர்க் கண்காணிப்பு மற்றும் டிக்கெட் கையாளுதல்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். எல்லா எல்1 ரெஸ்யூமேயிலும் அது இருக்கிறது. டிக்கெட் மென்பொருளில் உங்கள் பெயரில் உள்ளதை வடிகட்டி எண்ணுங்கள்: மாதம் எத்தனை, எல்2-வுக்குப் போகாமல் முடித்தவை எத்தனை, எத்தனை தளம், எத்தனை சாதனம், எந்த வகைகள். பிறகு இரண்டு மூன்று கோளாறுகளை அறிகுறி, கண்டுபிடித்த வழி, காரணம் என்று ஒவ்வொன்றும் இரண்டு வரியில். கான்ஃபிக் நீங்கள் அடிக்கவில்லை என்றால் அடித்ததாக எழுத வேண்டாம். "டூப்ளெக்ஸ் பொருத்தமின்மையை இனங்கண்டு எல்2-வுக்குத் தீர்வோடு அனுப்பியது" என்பதே போதுமான கனமுள்ள வரி. வாடிக்கையாளர் பெயர், நிஜ ஐபி முகவரி, கான்ஃபிக் துண்டு எதுவும் ரெஸ்யூமேயிலோ பொதுவில் வைக்கும் லேப் குறிப்பிலோ வரக் கூடாது. அதைப் பார்த்ததும் ஆளை ஒதுக்கிவிடுவோம், நாளை எங்கள் கான்ஃபிக்கும் அப்படித்தான் வெளியே போகும் என்பதால்.

'நெட்வொர்க் இன்ஜினியர்' என்ற பட்டத்தை மட்டும் தேடாதீர்கள். எல்2 சப்போர்ட், நெட்வொர்க் அட்மின், இம்ப்ளிமென்டேஷன், ஃபீல்டு இன்ஜினியர் எல்லாமே அடுத்த படிதான். பல வாடிக்கையாளர்களின் நெட்வொர்க்கைப் பார்க்கும் நிறுவனத்தில் பல வகைச் சாதனங்களில் சீக்கிரம் கை பழகும், ஆனால் ஆழம் குறைவு. சர்வீஸ் புரொவைடரில் பிஜிபி, எம்பிஎல்எஸ் ஆழமாக வரும்; வயர்லெஸ், ஃபயர்வால் பக்கம் அதிகம் போக மாட்டீர்கள். விளம்பரத்தைவிட ஒரு கேள்வி முக்கியம்: முதல் நாளிலிருந்து கான்ஃபிக் உரிமை உண்டா? இல்லை என்றால் அது இன்னொரு எல்1 வேலை, பெயர்தான் வேறு.

நேர்காணலில் மனப்பாடத்தைச் சோதிக்கிற கேள்விகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். பிறகு வருவது இந்த மாதிரி: 10.1.0.0/16-க்கு ஸ்டாட்டிக் ரூட் இருக்கிறது, 10.1.1.0/24 ஓஎஸ்பிஎஃப் வழியாக வருகிறது. 10.1.1.5-க்குப் போகும் பாக்கெட் எந்த வழி? ஸ்டாட்டிக்கின் நம்பகத்தன்மை எண் 1, ஓஎஸ்பிஎஃப் 110 என்று மனப்பாடம் செய்தவர் ஸ்டாட்டிக் என்பார். போவது ஓஎஸ்பிஎஃப் வழி. நீளமான பிரிஃபிக்ஸ்தான் (/16-ஐவிட /24 நீளம்) முதலில். அந்த எண்களுக்கு வேலை வருவது ஒரே பிரிஃபிக்ஸ் இரண்டு வழியில் வரும்போது.

இன்னொன்று: "சர்வருக்குப் பிங் போகிறது, அப்ளிகேஷன் திறக்கவில்லை. என்ன செய்வீர்கள்?" 'ஃபயர்வாலைப் பார்ப்பேன்' என்று ஒரே சொல்லில் முடிப்பவர்களே அதிகம். எதிர்பார்ப்பது இது: கிளையன்ட்டில் பாக்கெட் கேப்ச்சர் எடுப்பேன். சின் (இணைப்புக் கோரிக்கை) போய் ஆர்எஸ்டி (மறுப்பு) வந்தால், சர்வர் வரை வழி இருக்கிறது, போர்ட்டில் யாரும் கேட்கவில்லை. அல்லது நடுவில் ஃபயர்வால் ஒன்று மறுத்து அனுப்புகிறது. சின் திரும்பத் திரும்பப் போய்ப் பதிலே இல்லை என்றால் எங்கோ மௌனமாகத் தூக்கிப் போடுகிறார்கள், அல்லது திரும்பும் வழி வேறு பக்கம் போகிறது. மூன்று படிக் கைகுலுக்கல் முடிந்து, அதன்பின் பெரிய பாக்கெட்டில் மட்டும் நின்றால், வயர்மேன் சொன்ன எம்டியூ கதை. விடை தெரியாவிட்டாலும் அடுத்து எதைச் சோதிப்பேன், அதன் விளைவு எதை நீக்கும் என்று பேசிக்கொண்டே போனால் நாங்கள் காத்திருப்போம். மௌனமாக யோசித்துவிட்டு ஒரு விடையைப் போடுபவரை மதிப்பிடுவது கஷ்டம்.

ஆட்டோமேஷன் கேட்பார்கள், இந்தப் படியில் அதிகம் எதிர்பார்க்க மாட்டார்கள். பைத்தானில் நெட்மிகோ நூலகத்தை வைத்து, ரீட்-ஒன்லி லாகினாலேயே 50 ஸ்விட்சில் எர்-டிசேபிள் போர்ட்டுகளை ஒரு அட்டவணையாக எடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று போதும். ஓட்டும் முன் அனுமதி வாங்குங்கள். தவறான கடவுச்சொல்லோடு லூப்பில் விட்டால் உங்கள் கணக்கே முடங்கும், லாகின் தோல்வி அலாரம் உங்கள் திரையிலேயே வந்து விழும்.

---

எல்1_விழிப்பு:

பயிற்சிக்காக ஒரு டிக்கெட் எழுதிப் பார்த்தேன், எண்கள் எல்லாம் லேபில் எடுத்தவை. சரியா என்று சொல்லுங்கள்:

"கிளை ரவுட்டரிலிருந்து தலைமையகத்துக்கு வேகம் குறைவு. அப்லிங்க் ஜிஐ0/1-இல் சிஆர்சி 812, அவுட்புட் டிராப் 23,400. கேபிள் பழுது என்று சந்தேகிக்கிறேன். கேபிள் மாற்றப் பரிந்துரைக்கிறேன்."

---

திசைவி:

நான்கு இடத்தில் இடிக்கிறது. முதலாவது, எண்கள் எந்த நேரத்தில் எடுத்தவை என்று இல்லை. இரண்டாவது முறை எடுத்ததும் இல்லை. இரண்டாவது, சிஆர்சி உள்ளே வருவதில் எண்ணப்படுவது, டிராப் வெளியே போவதில் எண்ணப்படுவது. இரண்டையும் ஒரே காரணத்தில் கட்டியிருக்கிறீர்கள். ஐந்து நிமிடத்தில் சிஆர்சி அசையாமல் டிராப் மட்டும் 600 கூடியிருந்தால் கேபிளை மாற்றியும் அதே புகார் வரும். மூன்றாவது, 'வேகம் குறைவு' என்பது யாருக்கு, எந்த நேரத்தில், எதைத் திறக்கும்போது?

நான்காவது, இன்டர்ஃபேஸின் ஐந்து நிமிடச் சராசரி வெளியேற்ற வேகத்தை விட்டுவிட்டீர்கள். அது 'ஷோ இன்டர்ஃபேஸஸ்' வெளியீட்டிலேயே இருக்கிறது. போர்ட் 1 ஜிபிபிஎஸ், புரொவைடர் தரும் அளவு 50 எம்பிபிஎஸ், சராசரி 48 என்று காட்டினால் லிங்க் நிரம்பிவிட்டது. ஆனால் அங்கே டிராப் உங்கள் பக்கத்தில் தெரியாமலும் போகலாம், புரொவைடரின் சாதனம் அதைச் செய்துகொண்டிருக்கும். உங்கள் பக்கத்திலேயே 23,400 விழுந்திருப்பதால் ரவுட்டரில் ஷேப்பிங் (வேகக் கட்டுப்பாட்டு) பாலிசி இருக்கிறதா என்று 'ஷோ பாலிசி-மேப் இன்டர்ஃபேஸ்' பார்த்து, எந்தக் கிளாஸில் டிராப் என்று ஒரு வரி சேருங்கள். அதைச் சேர்த்து மறுபடி போடுங்கள், பார்க்கிறேன்.